நெல்லைப் பக்கத்துப் பழைய டிபன் கடையில் காலைச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிக்கு வருகிற சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் காலையில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்பார்கள். தெருமுனையில் இருக்கிற பழைய கடையைக் காட்டினால் தயங்கி நிற்பார்கள், அப்புறம் ஒவ்வொரு சந்தேகமாக வரும். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள் என்பதால் இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன். டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி என்று நான் சாப்பிட்டுப் பழகின கடைகளை வைத்துச் சொல்வது இது. தென்காசி 2019இல் தனி மாவட்டமாகப் போய்விட்டது, ஆனால் காலை டிபன் விஷயத்தில் எதுவும் மாறவில்லை, அதனால் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

பழைய டிபன் கடைன்னு எதைச் சொல்றீங்க? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு குடும்பமே நின்று நடத்துகிற சின்னக் கடை. வாசலில் ஒரு பக்கம் தோசைக்கல், இன்னொரு பக்கம் காபி மேடை, பக்கத்தில் கல்லா. உள்ளே ஐந்தாறு மேசை, சுவரில் மாலை போட்ட சாமி படம், இன்றைக்கு என்ன இருக்கிறது என்று சாக்பீஸால் எழுதின ஒரு பலகை, சில கடைகளில் அந்தப் பலகையும் கிடையாது. வயதானவர்கள் இன்னும் கிளப்புக் கடை என்றே சொல்வார்கள்.

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளிலும் அவற்றிலிருந்து பிரிகிற சந்துகளிலும் பார்க்கலாம், பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கமும் ஜங்ஷன் பக்கமும் உண்டு. ஆட்டோக்காரரிடம் நல்ல ஓட்டல் எது என்று கேட்டால் பெரிய போர்டு வைத்த இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார். "நீங்க காலையில எங்கண்ணே சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள், சரியான இடத்துக்குப் போய்ச் சேருவீர்கள். கடை வாசலில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்குவாளியோடு நின்றால் யோசிக்காமல் உள்ளே போகலாம்.

எத்தனை மணிக்குப் போனா சரியா இருக்கும்?

ஆறரையிலிருந்து எட்டரைக்குள். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போகிற பாதி விஷயங்களுக்கு அடிப்படை இந்த நேரக்கணக்குதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் மாவு ஆட்டி வைத்தால் அது ராத்திரி முழுக்கப் புளித்து, விடியற்காலையில் பொங்கி நிற்கும். ஐந்தரை, ஆறு மணிக்கு முதல் ஈடு இட்லி இறங்கும். தேங்காய்ச் சட்னியைப் பாதி பாதியாகத்தான் அரைப்பார்கள், நம்ம ஊர் வெக்கையில் அரைத்து வைத்த தேங்காய் இரண்டு மூன்று மணி நேரத்தில் குணம் மாறிவிடும். சாம்பார் ஏழு மணிக்கு ஒரு பதத்தில் இருக்கும், ஒன்பதுக்குச் சுண்டியிருக்கும், அல்லது வெந்நீர் சேர்த்து நீட்டியிருப்பார்கள்.

ஒன்பதரை, பத்துக்கு மாவு தீரும். தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். பெரிய ஓட்டல்களைப் போல அடுத்த மாவு குளிர்பெட்டியில் காத்திருக்காது, புதிதாக ஆட்டினாலும் புளிக்க எட்டு மணி நேரம் வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்குகிறவர்கள் அறைக்குப் போய்க் குளித்துத் தூங்கி எழுந்து பத்தரைக்கு வந்து நின்றுகொண்டு, இந்தக் கடையைப் போய் இவ்வளவு சொன்னாயே என்பார்கள். பையைத் தூக்கிக்கொண்டே நேராகக் கடைக்குப் போங்கள், குளியல் அப்புறம்.

மெனு கார்டு கிடையாதா? உள்ள போய் என்ன பண்ணணும்?

முதலில் கை கழுவுங்கள், தொட்டி பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும். உட்கார்ந்ததும் இலை விழும், தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொள்ளுங்கள். இலையின் நுனி உங்கள் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். அப்புறம் "என்ன அண்ணாச்சி இருக்கு?" என்று கேட்டால் போதும், இட்லி, வடை, பொங்கல், பூரி, தோசை என்று மூச்சு விடாமல் சொல்வார். அவர் சொல்கிற வரிசையைக் கவனியுங்கள், அந்த நிமிடத்தில் சூடாக இருப்பதைத்தான் பெரும்பாலும் முதலில் சொல்வார்.

கூப்பிடுகிற விதத்தில் குழப்பம் வேண்டாம். கல்லாவில் இருக்கிறவர் அண்ணாச்சி. அடுப்படியில் இருக்கிற அம்மாவை வயதைப் பார்த்து அக்கா அல்லது ஆச்சி. பரிமாறுகிற பையன் தம்பி. ஹலோ, பாஸ் என்று கூப்பிட்டாலும் வருவார்கள், ஆனால் ஒரு அண்ணாச்சி போட்டுக் கேட்டவர் இலையில் சட்னி கொஞ்சம் தாராளமாகவே விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

மேசையில ஏற்கெனவே ஆள் இருக்காங்க. அங்க போய் உட்காரலாமா?

உட்காரலாம், உட்காரத்தான் வேண்டும். நாலு பேர் மேசையில் ஒருத்தர் இருந்தால் மூன்று இடம் காலி என்று அர்த்தம். எதிரில் இருக்கிறவரிடம் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை, தண்ணீர்ச் செம்பை நகர்த்திக் கொடுத்தால் போதும். கூட்ட நேரத்தில் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பழக்கம் சில பேருக்கு உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கல்லாப் பக்கம் நில்லுங்கள், இடம் காலியானால் அவரே கூப்பிடுவார்.

முதல் தடவை போறேன். என்ன சொன்னா ஏமாற மாட்டேன்?

இரண்டு இட்லி, ஒரு உளுந்த வடை. அதைச் சாப்பிட்டுக்கொண்டே ஒரு தோசை சொல்லுங்கள், முடிக்கும்போது கல்லிலிருந்து நேராக இலைக்கு வரும். கடைசியில் காபி. இட்லிக்குச் சாம்பாரும் தேங்காய்ச் சட்னியும் தானாக வரும், மிளகாய்ப் பொடியை நீங்கள்தான் கேட்க வேண்டும், நல்லெண்ணெய் ஊற்றித் தரச் சொல்லுங்கள். பொடியில் நடுவில் குழி பறித்து எண்ணெய் விடுவார்கள், அதைக் குழைத்து முதல் இட்லியைப் பொடியோடும் இரண்டாவதைச் சாம்பாரோடும் சாப்பிட்டால் அந்தக் கடையின் மாவு எப்படி, கைப்பக்குவம் எப்படி என்று இரண்டுமே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொல்லி இலையில் பரப்பிக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றாகச் சொன்னால் ஒவ்வொன்றும் சூடாக வரும்.

இட்லி ஆறிப்போய் இருந்தா மாத்தித் தரச் சொல்லலாமா?

மாற்றச் சொல்வதைவிட, சொல்வதற்கு முன்னாலேயே "அடுத்த ஈடு எப்ப இறங்கும்?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் என்றால் காத்திருங்கள், அதற்குள் வடையைச் சாப்பிடலாம். இப்படிக் கேட்கிறவரைக் கடைக்காரருக்குப் பிடிக்கும், விஷயம் தெரிந்த ஆள் என்று நினைத்துப் புது ஈட்டிலிருந்து முதலில் உங்களுக்குத்தான் எடுத்து வைப்பார்.

துணி போட்டு இட்லி அவிக்கிறாங்களே, அது சுத்தமா?

துணி சுத்தமாக இருந்தால் சுத்தம்தான். முடிந்தால் ஒரு தடவை கொப்பரைப் பக்கம் நின்று பாருங்கள். மூடியைத் திறந்ததும் ஆவி ஆளை மறைக்கும். தட்டை வெளியே எடுத்து அப்படியே துணியோடு கவிழ்த்து, துணியின் முதுகில் கையால் தண்ணீரைத் தெளித்து, ஓரத்திலிருந்து மெதுவாக உரிப்பார்கள். இட்லியின் தோல் கிழியாமல், துணியின் நெசவு மட்டும் அதன் மேல் லேசாகப் பதிந்திருக்கும். எண்ணெய் தடவின குழித்தட்டில் அடிப்பக்கம் நீர் கோத்து வழவழப்பாகிவிடும், துணியில் நீர் நிற்காது, அதனால்தான் அந்த மென்மை.

துணி வெள்ளைப் பருத்தியாக இருக்க வேண்டும், தினமும் வெந்நீரில் அலசி வெயிலில் காய வைக்க வேண்டும். காய்கிற துணியைக் கடைக்குப் பின்னால் கொடியில் பார்க்கலாம். இட்லியில் புளித்த துணி வாடை அடித்தால் அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டாம்.

மாவுல சோடா போடுறாங்களாமே? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சரியாகப் புளித்த மாவுக்குச் சோடா தேவையே இல்லை. அரிசியிலும் உளுந்திலும் இயற்கையாகவே இருக்கிற நுண்ணுயிர்கள் ராத்திரி முழுக்க வேலை செய்து காற்றை உண்டாக்குகின்றன, உளுந்தின் பசை அந்தக் காற்றைப் பிடித்து வைக்கிறது, இட்லி உப்புவது இதனால்தான். மாவு புளிக்காத நாளில் அவசரத்துக்கு ஆப்பச்சோடா போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டது அதிகமானால் இட்லி லேசாக மஞ்சளடிக்கும், சாப்பிட்ட பிறகு நாக்கில் சவர்க்காரம் மாதிரி ஒரு ருசி நிற்கும். புளிப்பே இல்லாமல் அதிகமாக உப்பி, உள்ளே பெரிய பெரிய ஓட்டையாக இருந்தாலும் சந்தேகப்படலாம்.

குற்றாலச் சாரல் மாதங்களிலும் மார்கழிக் குளிரிலும் மாவு புளிக்க அதிக நேரம் பிடிக்கும். அந்த நாட்களில் நல்ல கடைக்காரர் சாயங்காலத்துக்குப் பதில் மத்தியானமே ஆட்டி வைத்துவிடுவார்.

சாம்பார் தண்ணியா இருக்கே, பருப்பை மிச்சம் பிடிக்கிறாங்களோ?

ஏழு மணிக்குத் தண்ணீராக இருந்தால் அது அப்படித்தான் இருக்க வேண்டும். டிபன் சாம்பார் இட்லிக்குள் ஊற வேண்டும், சோற்றுக்கு ஊற்றுகிற கெட்டிச் சாம்பார் இட்லியின் மேலேயே உட்கார்ந்துவிடும். சின்ன வெங்காயமும் தக்காளியும் தெரிய வேண்டும், கொத்தமல்லி வாசம் வர வேண்டும், பருப்பு கரைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீராக இருந்தால் காரணம் வேறு, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

சட்னி ரெண்டாவது தடவை கேட்டா காசு வாங்குவாங்களா?

வாங்க மாட்டார்கள். தயங்காமல் கேளுங்கள், வாளியோடு சுற்றி வந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் இலையில் மிச்சம் வைக்கிற அளவுக்கு வாங்க வேண்டாம். இன்றைக்குத் தேங்காய் விற்கிற விலையில் சின்னக் கடைக்காரருக்குச் சட்னிதான் பெரிய செலவு, அதைப் பார்த்துப் பொரிகடலையைக் கூட்டி அரைக்கிறவர்களும் உண்டு. தேங்காய் மட்டும் அரைத்த சட்னி வெள்ளையாக, லேசான இனிப்போடு இருக்கும். கடலை கூடினால் வெளிறிய மஞ்சளில், கெட்டியாக இருக்கும்.

முறுகலா தோசை கேட்டா அண்ணாச்சி முகம் மாறுதே, ஏன்?

எட்டு மணிக்குக் கேட்டிருப்பீர்கள். கல்லில் ஒரே நேரத்தில் நாலைந்து தோசை ஓடும். ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீர் தெளித்து, ஈர்க்குமாற்றால் பெருக்கி, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்த்து, கல்லின் சூட்டைக் கையளவில் வைத்திருப்பார். முறுகல் வேண்டுமென்றால் அந்தச் சூடு குறைய வேண்டும், தோசை அதிக நேரம் கிடக்க வேண்டும், மற்ற மூன்று பேர் காத்திருக்க வேண்டும். எட்டே முக்காலுக்கு மேல் கூட்டம் குறைந்ததும் கேளுங்கள், ஓரத்தில் எண்ணெய் விட்டு அழகாக எடுத்துத் தருவார்.

இந்தக் கடைகளின் உண்மையான பெருமை கல்தோசைதான், கொஞ்சம் தடிமனாக, மேலே துளை துளையாக, மெத்தென்று இருக்கும். ஒரு தடவை அதைச் சாப்பிட்டுப் பாருங்கள், முறுகலை அடுத்த தடவை கேட்கலாம்.

வடை, பூரி எப்ப போனா சூடா கிடைக்கும்? எண்ணெய் எப்படி இருக்கும்னு பயமா இருக்கு.

உளுந்த வடை ஆறரைக்கே வந்துவிடும். பூரி பெரும்பாலும் ஏழுக்கு மேல், தொட்டுக்கொள்ளக் கிழங்கு. ஆமவடை சில கடைகளில் பத்து மணிக் காபிக்குத்தான் போடுவார்கள்.

எண்ணெயைப் பற்றிய பயம் நியாயமானது. கடாயைப் பாருங்கள். எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல் நின்று, புகை கண்ணைக் கரித்தால் பொரித்த எதையும் வாங்காதீர்கள், இட்லி மட்டும் சாப்பிடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய்க்கு உணவுப் பாதுகாப்புத் துறை ஒரு வரம்பு வைத்திருக்கிறது, எண்ணெயில் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது. அதைக் கருவி வைத்துத்தான் அளக்க முடியும், நமக்குக் கண்ணும் மூக்கும் போதும்.

சொதி, உளுந்தங்களி இதெல்லாம் காலையில கிடைக்குமா?

திருநெல்வேலி என்றதும் சொதி கேட்டு வருகிறவர்கள் நிறைய. சொதி அடிப்படையில் வீட்டுச் சாப்பாடு, கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்து. பாசிப்பருப்போடு முருங்கைக்காய், உருளை, கேரட், பீன்ஸ் எல்லாம் இரண்டாம் மூன்றாம் தேங்காய்ப் பாலில் வெந்து, கடைசியாக முதல் பால் ஊற்றிக் கொதி வரும் முன்னே இறக்க வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். இறக்கின பிறகுதான் எலுமிச்சைச் சாறு. கூடவே இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும். காலை ஏழு மணி நெருக்கடியில் சின்னக் கடை இதைச் செய்ய முடியாது. சில கடைகளில் ஞாயிற்றுக்கிழமை இடியாப்பத்தோடு போடுவார்கள், முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உளுந்தங்களி, உளுந்தம்பருப்புச் சோறு இரண்டும் வீட்டில்தான். சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே கேளுங்கள்.

அப்போ காலையில அல்வா?

கீழரத வீதி இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், அதைக் காலையில் தேடி அலைய வேண்டாம். மற்ற மிட்டாய்க் கடைகளில் காலையிலேயே கிடைக்கும். நூறு கிராம் சூடாக இலையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து இட்லி சாப்பிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், எனக்கு அந்த வரிசை சரிப்படாது. நெய் வாய் முழுக்க ஒட்டிக்கொண்டால் இட்லியின் ருசி போய்விடும்.

காபி எப்படிச் சொல்லணும்? எனக்கு எப்பவும் பாயசம் மாதிரி இனிப்பா வருது.

சொல்லும்போதே "சீனி கம்மி" என்று சேர்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகளில் டம்ளரில் முதலில் சீனி விழும், அதன் மேல் டிகாஷன், அதன் மேல் பால். ஆற்றின பிறகு ஒன்றும் செய்ய முடியாது. சீனியே வேண்டாமென்றால் "சீனி இல்லாம" என்று ஆர்டரிலும் ஒரு தடவை, காபி போடுகிறவர் காதில் விழும்படி இன்னொரு தடவையும் சொல்வது நல்லது.

ஸ்ட்ராங் என்றால் டிகாஷன் கூடும், லைட் என்றால் குறையும். பித்தளை பில்டரில் முதல் தடவை இறங்கின டிகாஷன்தான் கெட்டி, அது ஏழரை எட்டுக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் அதே தூளில் மறுபடி வெந்நீர் விட்டு இறக்குவது கசப்பாக, மெலிந்து இருக்கும். எட்டரைக்குக் காபி சரியில்லை என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் விடை. தூளில் சிக்கரி இருப்பதில் தப்பில்லை, கெட்டித்தன்மைக்கும் நிறத்துக்கும் சேர்ப்பது, ஆனால் சட்டப்படி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும்.

கருப்பட்டிக் காபி சுகர் உள்ளவங்க குடிக்கலாம்தானே?

இல்லை. இதை அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கம் நிறையப் பெரியவர்கள் இந்த நம்பிக்கையில் தினமும் இரண்டு வேளை குடிக்கிறார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கிற அதே பொருள். ருசி வேறு, மணம் வேறு, கொஞ்சம் தாதுச்சத்து உண்டு, ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோய் இல்லாதவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். உடன்குடிக் கருப்பட்டி போட்ட கடுங்காபி, அதில் சுக்குத் தட்டிப் போட்டிருந்தால், மழை நாளில் அதற்கு ஈடில்லை.

அதேபோல இட்லி ஆவியில் வெந்ததுதானே என்று சுகர் உள்ளவர்கள் ஆறேழு சாப்பிடுவதும் சரியல்ல. உள்ளே இருப்பது அரிசி. இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், சாம்பாரை அதிகமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பிட்ட இலையை நாமளே எடுக்கணுமா?

கடைக்குக் கடை வேறு. பக்கத்து ஆள் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கை கழுவுகிற இடத்தில் பெரிய கூடையோ தொட்டியோ இருந்தால் எடுத்துக்கொண்டு போய்ப் போடுவது வழக்கம். இல்லையென்றால் மேல் பாதியை உங்கள் பக்கமாக மடக்கிவிட்டு எழுந்தால் போதும்.

பில்லே தரலையே, கணக்கு எப்படி? டிப்ஸ் வைக்கணுமா?

பரிமாறின தம்பி உங்கள் இலையை மனதில் வைத்திருப்பார். நீங்கள் எழுந்ததும் "ரெண்டு இட்லி, ஒரு வடை, ஒரு தோசை, ஒரு காபி" என்று கல்லாவைப் பார்த்துக் குரல் கொடுப்பார், அண்ணாச்சி தொகையைச் சொல்வார். அவர் ஒரு வடையை விட்டுவிட்டால் நீங்களே சொல்லுங்கள். இந்தக் கணக்கு முழுக்க வாய்வார்த்தையில் நடப்பது, சாப்பிடுகிறவர் சொல்வதைத்தான் கடைசியில் எடுத்துக்கொள்வார்கள். வாடிக்கைக்காரர்களுக்குப் பற்று நோட்டும் உண்டு, மாதம் பிறந்ததும் கொடுப்பார்கள்.

வருடத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழே வியாபாரம் செய்கிற கடை ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை, அதனால் அச்சடித்த பில் இல்லாததை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். அலுவலகத்தில் காட்ட ரசீது வேண்டுமென்றால் கேளுங்கள், துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். டிப்ஸ் கட்டாயமில்லை. சம்பளத்துக்கு வேலை செய்கிற தம்பியாக இருந்தால் பத்து ரூபாய் கையில் கொடுங்கள். வீட்டுப் பிள்ளை பரிமாறினால் கொடுக்க வேண்டாம், சங்கடப்படுவார்கள்.

பார்சல் வாங்கினா ருசி போயிடுதே?

போகத்தான் செய்யும், இட்லியைவிடத் தோசைக்கும் வடைக்கும் அதிகம் போகும். இலையில் சுற்றின இட்லி அரை மணி நேரம் தாங்கும், பூரியை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாம்பாருக்கும் சட்னிக்கும் பாத்திரம் கொண்டுபோவது நல்லது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பை, உணவு கட்டுகிற தாள் எல்லாம் தடை. சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக்கில் கட்டித் தர வற்புறுத்தாதீர்கள், மாட்டினால் அபராதம் கட்டுகிறவர் கடைக்காரர்தான். தூக்குவாளியோடு போனால் அளந்து ஊற்றாமல் நிரப்பியே தருவார்கள்.

பொம்பளைங்க தனியா போய் உட்காரலாமா?

போகலாம். காலை நேரத்தில் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள், ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பெண்கள் தனியாகச் சாப்பிடுவது சாதாரணம். வெறும் டீக்கடை பெஞ்சில் சில இடங்களில் முறைத்துப் பார்ப்பார்கள், அதை மறைக்க மாட்டேன். டிபன் கடையில், அதிலும் அடுப்படியில் அக்கா நிற்கிற கடையில், அந்தத் தொல்லை கிடையாது.

பழைய கடைன்னா சாதி பார்ப்பாங்களோன்னு தயக்கமா இருக்கு.

இந்தக் கேள்வியைத் தணிந்த குரலில் கேட்டவர்கள் உண்டு, அதனால் பதிலை நேராகவே சொல்கிறேன். ஒரு காலத்தில் பார்த்தார்கள். ஓட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது, தலித்துகளை உள்ளேயே விடாத கடைகள் இருந்தன. இதே பக்கத்தில் சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்தின குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது 1920களின் நடுவில் தமிழ்நாடு முழுக்கப் பெரிய பிரச்சினையானது, பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்து நின்றார்கள். இன்றைக்கு அரசியல் சட்டத்தின் 15ஆவது, 17ஆவது பிரிவுகளும் தீண்டாமைக்கு எதிரான 1955ஆம் வருடத்துச் சட்டமும் இருக்கின்றன, சாதியைச் சொல்லிச் சாப்பாட்டுக் கடையில் யாரையும் ஒதுக்குவது குற்றம்.

நான் போகிற டவுன், பாளையங்கோட்டைக் கடைகளில் யார் எந்த மேசையிலும் உட்காரலாம், யாரும் யாரையும் கேட்பதில்லை. மேசையைப் பகிர்ந்து உட்காரத்தான் வேண்டும் என்று மேலே சொன்னது இடம் போதாது என்பதற்காக மட்டும் இல்லை. எங்கேயாவது கிராமத்துப் பக்கம் ஆளைப் பார்த்து டம்ளரை மாற்றுகிற கடை கண்ணில் பட்டால், சாப்பாடு எவ்வளவு ருசியாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள், காவல் நிலையத்திலோ கலெக்டர் ஆபீஸிலோ புகார் எழுதிக் கொடுங்கள்.

எந்த நாட்கள்ல போகக் கூடாது?

ஆனித் தேரோட்ட நாளில் ரத வீதிகளில் நடக்கவே முடியாது, அன்றைக்குப் பாளையங்கோட்டையில் சாப்பிடுங்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குக் கூட்டம் போகும், அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் கடைகளில் ஏழரைக்கே மாவு தீர்ந்துவிடும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலம் சீசன், தென்காசியில் சனி ஞாயிறு காலை ஆறு மணிக்கே வரிசை நிற்கும். முகூர்த்த நாளில் சமையல் ஆட்கள் கல்யாண வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதால் சில கடைகளில் தோசை மட்டும்தான் இருக்கும்.

சாப்பாடு சரியில்லைன்னா எப்படிச் சொல்றது? போன்ல மார்க் குறைச்சுப் போட்டா போதாதா?

கல்லாவில் காசு கொடுக்கும்போது, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "அண்ணாச்சி, இன்னிக்குச் சட்னி லேசா புளிச்சிருந்துச்சு" என்று சொல்லுங்கள். உடனே அடுப்படிக்குக் குரல் போகும், அந்த வாளி மாறும். பெரும்பாலும் காபிக்குக் காசு வாங்க மாட்டார். கெட்டுப்போனதைத் தெரிந்தே கொடுத்து, சொன்னதற்கும் எரிந்து விழுந்தால், உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் சாம்பார் தண்ணீர், மெனு கார்டு இல்லை, மேசையில் வேற்று ஆள் உட்கார்ந்தார் என்றெல்லாம் எழுதி ஒரு நட்சத்திரம் போடாதீர்கள். ஐந்து மேசையை வைத்துப் பிழைக்கிற குடும்பத்தை அது உண்மையிலேயே பாதிக்கும்.

நீங்க சொன்ன கடைக்குப் போனா பூட்டியிருக்கு. ஏன் இப்படி ஒவ்வொண்ணா மூடுறாங்க?

பல காரணம். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள், விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து அடுப்புப் பற்ற வைக்க அடுத்த ஆள் இல்லை. கடை வாடகை, சிலிண்டர் விலை, உளுந்து விலை ஏறுகிற வேகத்தில் இட்லி விலையை ஏற்ற முடிவதில்லை. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஜங்ஷன் பகுதிக்குள் புகுந்தபோது கிரைண்டர், பிரிட்ஜ், அரிசி மூட்டை எல்லாம் ஒரே ராத்திரியில் போனவர்கள் உண்டு, எல்லாராலும் மறுபடி எழுந்து நிற்க முடியவில்லை.

நம்மால் ஆவது வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது போய்ச் சாப்பிடுவதுதான். விலை ஏற்றினால் முணுமுணுக்காமல் கொடுப்பது, வீட்டு விசேஷத்துக்கு ஐம்பது இட்லி வேண்டுமென்றால் முந்தின நாள் மத்தியானத்துக்குள் இந்தக் கடைகளிலேயே சொல்லி வைப்பது. மத்தியானத்துக்குள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மாவு சாயங்காலம் ஆட்டுவது.

ரெசிபி கேட்டா சொல்லித் தருவாங்களா?

நேரம் பார்த்துக் கேட்டால் சொல்வார்கள், இதில் ரகசியம் என்று பெரிதாக யாரும் பொத்தி வைப்பதில்லை. பொதுவான கணக்கு நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக ஆட்ட வேண்டும், உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பந்தாகப் பொங்குகிற வரை விட வேண்டும், அரிசி ரவைப் பதத்தில் இருந்தால் போதும். இரண்டையும் உப்புப் போட்டுக் கையால் கலக்க வேண்டும். உளுந்து பழசா புதுசா என்பதைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பதுதான் ஒவ்வொரு கடைக்கும் மாறும், அதை அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள், கையால்தான் காட்டுவார்கள். காலையில் கேட்காதீர்கள். சாயங்காலம் நாலு, நாலரைக்குக் கிரைண்டர் ஓடுகிற நேரத்தில் போய் நின்றால் உளுந்தை விரலால் தொட்டுப் பார்க்கவே விடுவார்கள்.